பெரியப்பாவுக்கு ஒரு நாய், ஓர் ஆடு

குழிக்குப் பெயர் ஒய்.எச். 127. சீனாவின் ஹெனான் மாகாணத்து வட எல்லையில், ஆன்யாங் நகரத்தை ஒட்டிய ஷியாவ்துன் கிராமத்தில் இருக்கிறது. 1936 ஜூனில் அகழ்வாய்வாளர்கள் திறந்தபோது உள்ளே எப்படிக் கிடந்ததோ, அதே கோலத்தில் மாதிரி செய்து வைத்திருக்கிறார்கள். ஆமை ஓடுகள் ஒன்றின்மேல் ஒன்றாகச் சரிந்து கிடக்கின்றன. அவற்றின் ஓரத்தில் ஒடுங்கினாற்போல் ஒரு மனித எலும்புக்கூடு. இந்த ஓடுகளைப் பராமரித்த ஆளாக இருக்கலாம், சரக்கோடு சேர்த்து அவரையும் புதைத்திருக்கலாம் என்றார் வழிகாட்டிப் பெண். வெயிலில் அவருக்கு அவசரம். எனக்கு நகர மனம் வரவில்லை.

அந்தப் பருவத்து வேலையை ஏறக்கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டிய நாளில் அகப்பட்ட குழி இது. ஓடுகளை ஒவ்வொன்றாக எடுக்கப் பொறுமையும் நேரமும் இல்லாமல், மண்ணோடு ஒரே கட்டியாகப் பெயர்த்து, சுற்றிலும் மரப்பெட்டி அடித்து, ரயிலேற்றி நான்ஜிங்குக்குக் கொண்டுபோய்ப் பிரித்தார்கள். 17,096 துண்டுகள். மறு வருடமே ஜப்பானியப் படையெடுப்பு. ஓடுகள் போருக்குத் தப்பி ஊர் ஊராக அலைந்து கடைசியில் தைவானில் போய் நின்றன.

நான் இங்கே வந்ததற்குக் காரணம் கன்பூசியஸின் ஒரு குறை. ஷாங் அரசர்களின் சடங்குகளைப் பற்றித் தன்னால் பேச முடியும், ஆனால் அவர்களுடைய வழித்தோன்றல்கள் ஆளும் சோங் நாட்டில் அதற்குப் போதிய ஏடுகளும் இல்லை, அறிந்தவர்களும் இல்லை என்று அவர் வருத்தப்பட்டிருக்கிறார். அவர் பிறந்தது கி.மு. 551இல். அவர் தேடிய சான்று அப்போதே ஏறத்தாழ ஏழு நூற்றாண்டுகளாக இந்த மண்ணுக்கடியில் கிடந்தது. கைக்குக் கிடைத்திருந்தால் மனிதர் என்ன செய்திருப்பார்?

ஷியாவ்துன் இப்போது புல்வெளியும் நடைபாதையுமாக இருக்கிறது. கி.மு. 13ஆம் நூற்றாண்டிலிருந்து, 1046 வாக்கில் மேற்கிலிருந்து வந்த ஜோவ் படை ஷாங் வம்சத்தை முடித்து வைக்கும்வரை, இது அவர்களுடைய தலைநகர். அரண்மனையும் மூதாதையர் கோயில்களும் திமிசு போட்டு இறுக்கிய மண் மேடைகள்மேல் எழும்பியவை. மரமும் கூரையும் போய்விட்டன. மேடையின் அடித்தடம் மட்டும் மிச்சம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை இந்தப் பக்கத்து விவசாயிகளுக்கு உழும்போது எலும்புத் துண்டுகள் அகப்படும். ‘டிராகன் எலும்பு’ என்று மருந்துக் கடைக்குக் கொண்டுபோவார்கள். எழுத்து இருந்தால் கடைக்காரர் வாங்க மாட்டார் என்று சுரண்டிவிட்டு விற்றவர்களும் உண்டு. எத்தனை அரசர்களின் கவலைகளைச் சீனத்து நோயாளிகள் பொடித்துக் குடித்திருப்பார்களோ! 1899இல் பெய்ஜிங்கின் அரசுக் கல்விக்கழகத் தலைவர் வாங் யிரோங் இவை பழைய எழுத்துகள் என்று கண்டுகொண்டு விலைகொடுத்துச் சேர்க்கத் தொடங்கினார். மறு ஆண்டு அந்நியப் படைகள் பெய்ஜிங்கில் புகுந்தபோது கிணற்றில் குதித்து உயிரை விட்டார்.

ஹுவான் நதியைத் தாண்டி 2024இல் திறந்த புதிய அருங்காட்சியகம் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் கட்டடமே ஒரு மாபெரும் வெண்கலப் பலிப் பாத்திரம். உள்ளே பள்ளிக்கூடப் பிள்ளைகளின் இரைச்சல். எலும்புகள் இருந்த பக்கம் மட்டும் கூட்டம் குறைவு. எழுத்துகள் கடுகளவு; குனிந்து, கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டும்.

செய்முறை இதுதான். ஆமையின் வயிற்றோட்டையோ மாட்டின் தோள்பட்டை எலும்பையோ சீவி மழுக்கிக்கொள்வார்கள். பின்புறத்தில் வரிசையாகச் சிறு குழிகள் தோண்டுவார்கள். கேள்வியைச் சொல்லி, குழியில் நெருப்பை வைத்தால் முன்புறத்தில் ‘டக்’கென்று விரிசல் விடும். அந்த விரிசலை வைத்துக் குறி. பிறகு எந்த நாள், குறி பார்த்தவர் யார், கேள்வி என்ன என்பதையெல்லாம் ஓட்டிலேயே செதுக்குவார்கள். சில ஓடுகளில் அரசன் சொன்ன பலனும், பின்னால் என்ன நடந்தது என்பதும்கூட இருக்கும். வூ திங் என்ற அரசனின் மனைவி ஃபூ ஹாவுக்குப் பேறுகாலம். இன்ன நாளில் பிறந்தால் நல்லது, இன்ன நாளில் பிறந்தால் மிக நல்லது என்று அரசன் பலன் சொல்கிறான். 31 நாள் கழித்துக் குழந்தை பிறந்தது, நல்லதாக இல்லை, பெண் என்று கீழே குறித்திருக்கிறார்கள். மூவாயிரம் வருடத்துக்கு முந்தைய அந்த அலுப்பு, எங்கோ கேட்ட குரலாகத்தான் இருந்தது.

எனக்குப் பிடித்தது பல்வலி. அரசன் வூ திங்குக்குப் பல்வலி வருகிறது. இதை யார் செய்வது? செத்துப்போன நான்கு பெரியவர்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கேட்கிறார்கள். நால்வரும் அவனுக்கு முன்னால் ஆண்ட அண்ணன் தம்பிமார். ஒருவர் அவனைப் பெற்றவர், மற்ற மூவரும் பெரியப்பாமார். அந்த மூவரில் ஒருவர் பான் கெங். தலைநகரை இந்த ஊருக்குக் கொண்டுவந்தவர் என்று மரபு சொல்வது இவரைத்தான். நாட்டுக்கு நகரம் கொடுத்த பெரியப்பா, மகனுக்குப் பல்வலியும் கொடுப்பாரா? கொடுப்பார் போலிருக்கிறது. அவருக்கு ஒரு நாயைப் படைத்து ஓர் ஆட்டைப் பிளந்தால் பல் குணமாகுமா என்று அடுத்த கேள்வி எழுதப்பட்டிருக்கிறது.

இதில் பக்தி என்று நாம் நினைக்கிற எதையும் என்னால் காண முடியவில்லை. தொடர்ந்து படிக்கப் படிக்க மளிகைக்கடைப் பேரேட்டைப் புரட்டுகிற உணர்வுதான் வருகிறது. பத்து மாடா, இருபதா, முப்பதா? கொட்டடியில் வளர்த்ததா, சும்மா மேய்ந்ததா? விறகில் சுடுவதா, மண்ணில் புதைப்பதா, ஆற்றில் அமிழ்த்துவதா? நதிக்கு மாட்டை மூழ்கடிப்பார்கள். மூதாதைக்கு வாசனைப் பூண்டு சேர்த்த தினைக் கள் ஊற்றுவார்கள். கொடுக்கலாமா என்ற கேள்வி அருமையாகத்தான் வருகிறது. எவ்வளவு, எதை, யாருக்கு என்பதுதான் மூச்சுக்கு மூச்சு.

செத்தவர்களுக்குள் ஒரு அடுக்கு வரிசையும் இருந்தது. ஷாங் வாரம் பத்து நாள். ஒவ்வொரு அரசனுக்கும் இறந்தபின் அந்தப் பத்தில் ஒரு நாளின் பெயர் வரும். அவருக்கான படையல் அந்த நாளில். பிற்காலத்தில் ஐந்து வகைச் சடங்குகளை எல்லா மூதாதைகளுக்கும் முறைவைத்துச் சுற்றி வந்தார்கள். ஒரு முழுச் சுற்று முடிய 36 அல்லது 37 வாரம், அதாவது ஏறக்குறைய ஒரு வருடம். நாள்காட்டியே திதிப் பட்டியலாக ஓடியது என்று சொல்லலாம். இந்த எலும்புகளிலிருந்து 1917இல் அறிஞர் வாங் குவோவெய் ஷாங் அரசர் வரிசையைத் திரட்டியபோது, கி.மு. 100ஐ ஒட்டி வரலாற்றாசிரியர் சிமா சியான் எழுதி வைத்த பட்டியலோடு பெரும்பாலும் ஒத்துப்போனது. புராணம் என்று பலர் ஒதுக்கத் தொடங்கியிருந்த வம்சம், படையல் கணக்கால் வரலாறானது.

எல்லாருக்கும் மேலே தீ (நெருப்பல்ல, சீனப் பெயர்) என்ற பெரிய தெய்வம். மழை, இடி, வறட்சி, எதிரிப் படை எல்லாம் அதன் கையில். ஆனால் மாடும் ஆடும் இவ்வளவு கணக்கில் இருக்க, தீக்கு நேரடியாகப் படைத்ததாகத் தெளிவாகத் தெரியவில்லை என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. கொடுத்து வசப்படுத்த முடியாத உயரத்தில் அது இருந்தது போலும். கிட்டத்து மூதாதையைக் கவனித்தால் அவர் தூரத்து மூதாதையிடம் சொல்வார், அவர் மேலே சொல்வார். அரசு அலுவலகங்களில் நமக்குத் தெரியாத ஏற்பாடா இது?

மறுபடி ஷியாவ்துன் பக்கம் வந்து ஃபூ ஹாவின் கல்லறைக்குள் படியிறங்கினேன். 1976இல் கொள்ளையர் கை படாமல் கிடைத்த ஒரே அரச குடும்பக் கல்லறை. 1,928 பொருட்கள், அதில் வெண்கலம் மட்டும் 468, பச்சைக்கல் 755. கூடவே 16 மனிதர்கள், ஆறு நாய்கள். மேலே வெள்ளைக் கல்லில் கோடரி பிடித்த அவள் சிலை. 13,000 பேர் கொண்ட படையை நடத்திப் போரிட்டவள் என்று எலும்புகள் சொல்வதால் அந்தக் கோடரி. அவள் செத்த பிறகு அவளுக்கும் ஒரு நாள் ஒதுக்கி, ‘சின்’ நாளில் படையல் போட்டார்கள். பெண்கள் சிலைக்கு முன்னால் நின்று படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பதினாறு பேரைப் பற்றி வழிகாட்டிப் பெண் ஒரே வாக்கியத்தில் சொல்லிக் கடந்துவிட்டார்.

கடக்க முடியாத இடம் ஹுவான் நதிக்கு வடக்கே, வூகுவான் கிராமத்து அரசர் மயானம். பெரிய கல்லறைகளுக்கு நாலு பக்கமும் சரிவுப் பாதை. எல்லாம் பழங்காலத்திலேயே கொள்ளை போனவை. 1939இல் இந்த ஊர் மக்கள் வெட்டியெடுத்த வெண்கலப் பாத்திரம் ஒன்று 832 கிலோவுக்கு மேல் எடை; அசல் இப்போது பெய்ஜிங் தேசிய அருங்காட்சியகத்தில். இங்கே நகலைச் சுற்றி மக்கள் வலம் வருகிறார்கள். நான் பார்க்க வந்தது பக்கத்துப் புல்தரையில், வரிசையாகக் கட்டம் கட்டமாகக் கிடக்கும் பலிக்குழிகளை. 1976இல் மட்டும் 191 குழிகளைத் தோண்டி ஆயிரத்துக்கும் மேற்பட்ட மனிதர்களைக் கண்டார்கள். பலவற்றில் தலை இல்லாத உடல்கள் அடுக்கியிருந்தன; தலைகள் தனிக் குழியில். கண்ணாடிக்கு அடியில் சில குழிகளை அப்படியே காட்டுகிறார்கள். கைகள் பின்னால் இழுத்துக் கட்டியது போன்ற கிடப்பு.

எலும்பு எழுத்துகளில் வரும் நரபலிகளைக் கூட்டிப் பார்த்த ஆய்வாளர் ஹூ ஹௌஷுவான் 13,000க்கு மேல் என்று கணக்கிட்டார். அதில் பாதிக்கு மேல் மேற்கிலிருந்து பிடித்துவந்த சியாங் மக்கள். ஒரே தடவையில் 300 பேரைக் கேட்ட கேள்வியும் உண்டு. மாட்டுக்கும் ஆட்டுக்கும் எழுதுகிற அதே வரியில், அதே நடையில் அவர்களையும் எழுதியிருக்கிறார்கள். 2017இல் வெளியான எலும்பு வேதியியல் ஆய்வு இன்னொன்றைச் சொன்னது: இவர்கள் வெளியூர்க்காரர்கள், ஆனால் கொல்லப்படுவதற்கு முன் பல வருடங்கள் ஆன்யாங் சாப்பாட்டைத் தின்று இங்கேயே வாழ்ந்திருக்கிறார்கள். போரில் பிடித்தவுடன் வெட்டினார்கள் என்று நினைத்திருந்தேன். பெயர், முகம், நடை எல்லாம் பழகியபின் வெட்டியிருக்கிறார்கள். அருங்காட்சியகத்தில் பார்த்த வெண்கல இட்லிச்சட்டி போன்ற ஆவிப் பாத்திரமும் அங்கே நினைவுக்கு வந்தது. அதனுள்ளே மனிதத் தலை. 1984இல் முதலாவது கிடைத்தபோது மேலிருந்து தற்செயலாக உருண்டு விழுந்திருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்கள். 1999இல் இரண்டாவது கிடைத்தது.

இப்போது கன்பூசியஸுக்கு வருகிறேன். ஷாங் வீழ்ந்தபின் ஜோவ் அரசர்கள் அந்த வம்சத்தின் ஒரு கிளைக்குச் சோங் நாட்டைக் கொடுத்தார்கள். தோற்றவர்களின் மூதாதையருக்குப் படையல் அற்றுப்போகக் கூடாது என்பதற்காக. பசித்த ஆவி வென்றவனுக்கும் ஆபத்து. கன்பூசியஸின் முன்னோர்கள் அந்தச் சோங்கிலிருந்து வந்தவர்கள். சாகுமுன் இரு தூண்களுக்கு நடுவே உட்கார்ந்து படையல் பெறுவதாகக் கனவு கண்டதாகவும், அது ஷாங் வழக்கம், தானும் அந்த வழியில் வந்தவன்தான் என்று சொன்னதாகவும் பழைய சடங்கு நூல் ஒன்று சொல்கிறது. அப்படியானால் இந்தக் குழிகளை வெட்டியவர்களின் பேரன் அவர்.

அவரிடம் மாணவர் ஒருவர் கேட்டாராம்: செத்தவர்களுக்கு அறிவு உண்டா, இல்லையா? கன்பூசியஸ் சொன்னார்: உண்டு என்று சொன்னால் நல்ல பிள்ளைகள் உயிரோடு இருப்பவர்களை வாட்டி இறந்தவர்களை வழியனுப்புவார்கள். இல்லை என்றால் கெட்ட பிள்ளைகள் பிணத்தைப் போட்டுவிட்டுப் போவார்கள். நீயே செத்தபின் தெரிந்துகொள், அவசரமில்லை என்ற பொருளில் பதில் சொன்னாராம். கி.மு. முதல் நூற்றாண்டுத் தொகுப்பு ஒன்றில் வருகிற கதை இது. அவர் வாயிலிருந்து அப்படியே வந்ததா என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. முன்பு படித்தபோது இதைச் சாமர்த்தியமான நழுவல் என்று நினைத்தேன். வூகுவான் குழிகளின் முன் நின்று நினைத்தபோது அது வேறு மாதிரி ஒலித்தது. உயிரோடு இருப்பவர்களை வாட்டி இறந்தவர்களை வழியனுப்புவது என்றால் என்ன என்பதை அறிந்தவர் சொன்ன பதில் அது என்று தோன்றுகிறது. கல்லறைக்குள் வைக்க முதன்முதலில் மனிதப் பொம்மை செய்தவனுக்கு வம்சம் விளங்காமல் போகட்டும் என்று அவர் சபித்ததாக, பின்னால் அவர் வழியில் வந்த மென்சியஸ் சொல்கிறார். பொம்மைக்கே அவ்வளவு கோபம்.

மனிதரைப் பலிகொடுக்கும் பழக்கம் ஷாங்கோடு முழுக்கச் செத்துவிடவில்லை. கி.மு. 641இல் சோங் அரசன், கிழக்கத்தி மக்களை வழிக்குக் கொண்டுவருவதற்காக ஒரு சிற்றரசனை மண்தெய்வத்தின் மேடையில் பலிகொடுக்கச் செய்தான். அவனுடைய அமைச்சரே எதிர்த்தார். படையல் மனிதனுக்காக நடப்பது, மனிதனையே கொடுத்தால் அதை எந்தத் தெய்வம் வாங்கும் என்பது அவர் வாதம். கி.மு. 621இல் சின் நாட்டு மூ அரசனோடு கல்லறைக்குள் 177 பேர் போனார்கள். சின் நாட்டில் அதைத் தடைசெய்தது கி.மு. 384இல்.

இதற்கிடையே ஆவிகளைப் பற்றிய பேச்சு இரண்டாகப் பிரிந்தது. கன்பூசியஸ் படைக்கும்போது ஆவிகள் எதிரே இருப்பதுபோல் நடந்துகொள்வார். அவர்கள் உண்மையில் இருக்கிறார்களா என்று கேட்டால் பேச்சை மாற்றுவார். அவருக்குப் பின் வந்த சிந்தனையாளர் மோ சிக்கு இது பிடிக்கவில்லை. ஆவிகள் உண்டு, அவை பார்க்கின்றன, கெட்டவனைத் தண்டிக்கின்றன. மக்கள் இதை நம்பாததால்தான் நாடு குட்டிச்சுவராகிறது என்பது அவர் கட்சி. விருந்தாளியே இல்லையென்று சொல்லிக்கொண்டு விருந்தோம்பல் பயில்கிறவர்கள் என்று கன்பூசியஸ் கூட்டத்தைக் கிண்டல் செய்தார். கிண்டல் நியாயமானது. ஆனால் அவரே வேறோர் இடத்தில், ஒருவேளை ஆவிகள் இல்லாவிட்டாலும் படைத்த கள்ளும் சோறும் சாக்கடைக்கா போகிறது, சொந்தக்காரர்களும் ஊர்க்காரர்களும் கூடிச் சாப்பிட்டு மகிழ்கிறார்கள் அல்லவா என்கிறார். எனக்கு மோ சியைப் பிடித்துப்போனது இந்த இடத்தில்தான். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் கன்பூசியஸ் வழியில் வந்த ஷுன் சி இன்னும் வெளிப்படையாக, மழை வேண்டிச் சடங்கு செய்தாலும் செய்யாவிட்டாலும் மழை ஒன்றுதான், கற்றவனுக்கு அது மனிதர் நெறி, பாமரனுக்கு ஆவி வழிபாடு என்று முடித்துவிட்டார். சரியான பேச்சு, ஆனால் கொஞ்சம் குளிர்ச்சியான பேச்சு.

அடுத்து வாடகைக் கார் பிடித்து வடக்கே ஜாங் நதிப் பக்கம் போனேன். ஹெனானுக்கும் ஹெபெய்க்கும் எல்லை போட்டுக்கொண்டு ஓடும் நதி. இரு பக்கமும் கோதுமை வயல்கள். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் இங்கே யே என்ற ஊருக்கு அதிகாரியாக வந்தவர் சிமென் பாவ். நதித் தெய்வத்துக்கு ஆண்டுக்கொரு பெண்ணைக் கட்டிக்கொடுப்பதாகச் சொல்லி அவளை மிதவையில் வைத்து ஆற்றில் விட்டு, அந்தச் சாக்கில் வரி தண்டிப் பூசாரிக் கிழவியும் ஊர்ப் பெரியவர்களும் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். சிமென் பாவ் கல்யாண நாளன்று தானும் வந்தார். பெண்ணைப் பார்த்தார். அழகு போதாது, வேறு பெண் அனுப்புகிறோம் என்று தெய்வத்திடம் சொல்லிவிட்டு வா எனக் கிழவியைத் தூக்கி ஆற்றில் போடச் சொன்னார். திரும்பி வரக் காணோம். என்ன தாமதம் என்று பார்த்துவர அவள் சிஷ்யைகள் மூவரைப் போட்டார். பிறகு ஊர்ப் பெரியவர்களை. நதியைப் பார்த்துக் குனிந்து வணங்கியபடி நெடுநேரம் காத்திருந்துவிட்டு, இன்னும் யாராவது போய்ப் பார்க்கிறீர்களா என்று மிச்சமிருந்த அதிகாரிகள் பக்கம் திரும்பினார். நெற்றியில் ரத்தம் வர மண்ணில் முட்டிக் கெஞ்சினார்கள். அதன்பின் மக்களை வைத்து 12 வாய்க்கால் வெட்டினார். இந்தக் கதையில் சிமென் பாவ் தெய்வம் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கன்பூசியஸ் பேச மறுத்ததைச் செய்து காட்டிவிட்டார்.

அப்படிப்பட்டவருக்கு இந்த வட்டாரத்து மக்கள் என்ன செய்தார்கள்? கோயில் கட்டினார்கள். அதுவும் நிலைத்த கோயில். கி.பி. 218இல், ஹான் வம்சத்தின் கடைசிக் காலத்துப் படைத்தலைவர் சாவ் சாவ் தன் கல்லறைக்கு இடம் குறித்தபோது, சிமென் பாவ் கோயிலுக்கு மேற்கேயுள்ள மேட்டில் என்றுதான் அடையாளம் சொன்னார். இளம் வயதில் ஜினானில் அதிகாரியாக இருந்தபோது முறைகேடான படையல் கோயில்களை இடித்துத் தள்ளி, அங்கே பலிகளைத் தடைசெய்தவர் அதே சாவ் சாவ். 220இல் செத்தார், தங்கமும் பச்சைக்கல்லும் கூட வைக்கக் கூடாது என்று உத்தரவு. ஷிகாவ்ஷுவே கிராமத்தில் கிடைத்த கல்லறை அவருடையதே என்று 2009 டிசம்பரில் அறிவித்தார்கள். இப்போது அங்கே பெரிய அருங்காட்சியகம்.

சாவ் சாவைத் தலைவலி பாடாய்ப் படுத்தியது சீனாவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதனால் வருகிற இளைஞர்கள் அவருக்கு இபுப்ரோஃபென் மாத்திரை கொண்டுவந்து வைக்கிறார்கள். இதைச் செய்தியில் பார்த்தபோது விளையாட்டு என்று நினைத்தேன். நேரில் பார்த்தபோதும் சிரித்துக்கொண்டேதான் வைத்தார்கள். கல்லூரி மாணவன்போல் இருந்த ஒருவனிடம், செத்தவருக்கு மாத்திரை போய்ச் சேருமா என்று கைபேசி மொழிபெயர்ப்பில் கேட்டேன். அவன் தோளைக் குலுக்கிவிட்டு, சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று என்று பெட்டியில் பேனாவால் எழுதி, எழுத்து மேலே தெரியும்படி திருப்பி வைத்தான். நான் குனிந்து காலாவதித் தேதியைப் பார்த்தேன். நல்ல மருந்துதான், இன்னும் இரண்டு வருடம் இருந்தது.